மாதம் 47 எங்கிருந்து வந்தது?

ராமநாதபுரம் கரையோரத்தில் நிரல் எழுதும் பிள்ளைகள் தேதி, நேரம் பற்றிக் கேட்டவற்றில் சில. இதோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன் என்பதுதான் என் தகுதி.

கேள்வி (பாம்பன்): அண்ணே, படகு டோக்கன் அடிக்க ஜாவாவில் ஒரு செயலி எழுதினேன். சீட்டில் தேதி 18-47-2025 என்று விழுகிறது. காலையில் சோதித்தபோது 18-06-2025 என்று சரியாகத்தான் வந்தது.

பதில்: 47 மாதமில்லை தம்பி, நிமிடம். ஜாவாவில் தேதியை எந்த வடிவில் காட்டுவது என்று எழுத்துகளால் குறிக்கும்போது, பெரிய எம் இரண்டு (MM) போட்டால் மாதம், சின்ன எம் (mm) போட்டால் நிமிடம். நீங்கள் சோதித்தது ஏதோ ஒரு மணி 6 நிமிடத்துக்கு. ஜூனும் ஆறாவது மாதம், ஏமாந்துவிட்டீர்கள். பைத்தானுக்குப் போனால் இது அப்படியே தலைகீழ்: சதவீதக் குறிக்குப் பின் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். இரண்டு மொழியிலும் எழுதுகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

அப்புறம், ஜாவாவில் ஆண்டுக்குப் பெரிய ஒய் போட்டுவிடாதீர்கள். அது வாரக் கணக்கில் ஓடும் ஆண்டு. 2024 டிசம்பர் 30 இருக்கும் வாரத்திலேயே 2025 ஜனவரி 1 வந்துவிடுவதால், அதை 2025 டிசம்பர் 30 என்று காட்டும். வருஷம் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டுக் கரை தொடும்போது கவிழ்க்கிற ரகம். சோதிக்கும்போது 27ஆம் தேதி, 13 மணி 47 நிமிடம் மாதிரி ஒன்றோடொன்று குழம்பாத எண்களைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி (மண்டபம்): மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தேதிகளைக் கழித்தால் 60தானே வருகிறது?

பதில்: கழித்தால் இடைவெளிதான் கிடைக்கும். முதல் நாளும் தடைதானே, ஒன்று கூட்டுங்கள்.

கேள்வி (தொண்டி): ஜாவாஸ்கிரிப்ட் ஜூனை 5 என்கிறது.

பதில்: அங்கே மாதம் 0வில் தொடங்கும். நாள் மட்டும் 1இல் தொடங்கும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்!

கேள்வி (கீழக்கரை): அண்ணா, எங்கள் துபாய் கடையில் இரவு 11 மணிக்குப் போட்ட பில், இங்கே மறுநாள் தேதியில் தெரிகிறது. அத்தா கணக்கு உதைக்கிறது என்கிறார்.

பதில்: துபாய் உலகப் பொது நேரத்துக்கு 4 மணி முன்னே, நாம் ஐந்தரை. அங்கே இரவு 11 என்றால் இங்கே நள்ளிரவு 12.30 தங்கச்சி. சேமிப்பது பொது நேரத்திலேயே இருக்கட்டும். காட்டும்போது கடை எந்த ஊரோ அந்த ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். தேதி எழுதுவதற்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 8601 சொல்கிற ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதினால், வெறும் எழுத்தாக அடுக்கினாலும் தேதி வரிசை கலையாது.

கேள்வி (ராமேஸ்வரம்): இலங்கைக்கும் நமக்கும் ஒரே ஐந்தரைதானே? கொழும்பு என்று நேர மண்டலம் தனியாக எதற்கு?

பதில்: இன்றைக்கு ஒன்றுதான். ஆனால் 1996இல் அவர்கள் கடிகாரத்தை ஆறரைக்கு நகர்த்தி, அதே ஆண்டில் ஆறுக்குக் குறைத்து, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பினார்கள். 2003இல் கொழும்பில் பதிவான ஒரு நேரத்தை வெறும் ஐந்தரை என்று கணக்குப் போட்டால் அரை மணி பிசகும். அதனால் எண்ணைப் போடாமல் ஆசியா/கொழும்பு என்று மண்டலப் பெயரையே கொடுங்கள். பழைய கடிகாரக் கதையெல்லாம் நேர மண்டலத் தரவுத்தளத்துக்குத் தெரியும்.