பிரேசிலில் சோயாவுக்குப் பின் வரும் இரண்டாம் போக மக்காச்சோளத்துக்குப் பூச்சு யூரியா, தடுப்பான் கலந்த யூரியா எல்லாம் போட்டால் விளைச்சல் கூடுமா? எப்படிப் போட வேண்டும்?

யூரியாவைச் சருகின் மேல் தூவப் போகிறீர்கள், அடுத்த சில நாளில் மழை வரும் என்று உறுதியில்லை என்றால் பலன் உண்டு. மற்ற நேரங்களில் சாதா யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ அதே வேலையைச் செய்துவிடும். இந்த உரங்கள் காப்பது போட்ட தழைச்சத்தைத்தான். தழைச்சத்து வீணாகாத வயலில் அவற்றுக்குக் காப்பதற்கு எதுவும் இல்லை.

இந்தப் போகத்துக்கு அங்கே சஃப்ரின்யா என்று பெயர், சின்ன அறுவடை என்று பொருள். இன்று பிரேசிலின் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதிலிருந்துதான் வருகிறது. மாட்டோ குரோசோ மாநிலத்தில் முன்னே சோயா அறுவடை இயந்திரம் போக, பின்னாலேயே விதைப்புக் கருவி வரும். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள் விதைப்பை முடிக்கப் பார்ப்பார்கள். ஏப்ரலில் மழை குறையும், மே மாதம் ஏறக்குறைய நின்றுவிடும். பிப்ரவரி 10இல் விதைத்தால் ஏப்ரல் தொடக்கத்தில் பூக்கும். அதன் பிறகு மணி பிடிப்பதெல்லாம் பெரும்பாலும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தில்தான். பட்டம் தப்பினால் நட்டம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். மார்ச்சில் விதைத்த வயலை எந்த விலையுயர்ந்த உரமும் தூக்கி நிறுத்தாது. அந்நாட்டு அரசின் பருவநிலை இடர் மண்டலப் பட்டியல் ஒவ்வொரு ஊருக்கும் 20, 30, 40 சதவீத இடர் என்று விதைப்புக் காலம் பிரித்துத் தருகிறது. உரச் செலவைத் தீர்மானிக்கும் முன் அதைப் பாருங்கள்.

இனி அளவு. அங்கே 60 கிலோ மூட்டைக் கணக்கு. ஹெக்டேருக்கு 100 மூட்டை, அதாவது 6 டன் இலக்கு என்று வைப்போம். ஒரு டன் மணிக்குப் பயிர் சுமார் 20 கிலோ தழைச்சத்து எடுக்கும், ஆக 120 கிலோ. சோயா எச்சமும் மண்ணின் அங்ககமும் 40 கிலோ அளவுக்குத் தந்தால் (மண்ணைப் பொறுத்து மாறும்) நாம் கொடுக்க வேண்டியது 80. இதை இப்படிப் பிரிக்கலாம்: விதைப்பில் மோனோ அமோனியம் பாஸ்பேட் 90 கிலோ, அதில் தழைச்சத்து 10, மணிச்சத்து 47. கூடவே அம்மோனியம் சல்பேட் 100 கிலோ, அதில் தழைச்சத்து 21, கந்தகம் 22 முதல் 24. மீதி 50 கிலோ மேலுரமாக, சாதா யூரியா என்றால் 109 கிலோ. மேம்பட்ட உரம் பற்றிய பேச்சு இந்த 109 கிலோவுக்கு மட்டும்தான் பொருந்தும்.

யூரியா குருணை ஈரம் பட்டுக் கரைந்ததும் யூரியேஸ் நொதி அதை உடைக்கும். குருணையைச் சுற்றிக் காரத்தன்மை ஏறி அம்மோனியா வாயு கிளம்பும். உழாத வயலின் சருகில் இந்த நொதி வெற்று மண்ணில் இருப்பதைவிட அதிகம். மோசமான நிலை எது என்றால் பனியோ தூறலோ மட்டும் விழுவது: குருணை கரையும், ஆனால் மண்ணுக்குள் இறங்காது. இட்டதில் 20 முதல் 30 சதவீதம் இப்படிப் போவது அபூர்வமில்லை. 15 முதல் 20 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் யூரியா மண்ணுக்குள் போய்விடும், கவலை தீர்ந்தது.

என்பிபிடி என்ற தடுப்பான் கலந்த யூரியா இந்த நொதியை ஒன்று முதல் இரண்டு வாரம் வரை மந்தப்படுத்தும். பிப்ரவரியில் அதற்குள் மழை வருவது வழக்கம் என்பதால், என் கணிப்பில் சஃப்ரின்யாவுக்கு முதல் தேர்வு இதுதான். பயிர் 3 முதல் 5 இலை விட்டிருக்கும்போது போடுங்கள். 6 இலைக்குப் பிறகு பயிர் தழைச்சத்தை வேகமாக இழுக்கும், அப்போது மண்ணில் தயாராக இருக்க வேண்டும். இதன் பலவீனம் சேமிப்பு. சூட்டிலும் ஈரத்திலும் வீரியம் இறங்கும். சூப்பர் பாஸ்பேட் போன்ற அமில உரத்தோடு கலந்து வைத்தால் இன்னும் சீக்கிரம் சிதையும். போன பருவத்து மூட்டையை நம்ப வேண்டாம்.

டிஎம்பிபி போன்ற நைட்ரேட்டாக்கத் தடுப்பான் வேறு ரகம். அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தி, மணற்பாங்கான மண்ணில் கனமழைக்குச் சத்து கீழே வடிவதைக் குறைக்கும். அம்மோனியா வாயு இழப்பைத் தடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்குபவர்கள் நிறைய.

பாலிமர் பூச்சு யூரியாவில்தான் பெரிய தவறு நடக்கிறது. மேலுரத்துக்குத் தனியாக ஓட்ட நேரமில்லாமல், விதைப்போடு ஒரே தடவையில் எல்லாம் முடிக்க நினைப்பவர்களுக்கு இது ஏற்றது. ஆனால் சத்தை 90 நாள், 120 நாள் வரை மெல்ல வெளியிடும் வகையை வாங்கிவிடுகிறார்கள். குருணைக்குள் ஈரம் புகுந்தால்தான் சத்து வெளியே வரும். மே மாத வறண்ட மண்ணில் அது அப்படியே கிடக்கும். பூக்கும் முன்பே பயிர் தன் தழைச்சத்தில் பெரும்பகுதியை எடுத்து முடித்திருக்கும். ஆகவே 40 முதல் 60 நாள் வகையைப் பாருங்கள். அதோடு மூன்றில் ஒரு பங்கு சாதா யூரியா சேர்க்கலாம், குருணை அளவு ஒத்திருந்தால் மட்டும். இல்லாவிட்டால் வீசும்போது பெரியது தூரமும் சிறியது பக்கத்திலும் விழுந்து வயல் பட்டை பட்டையாகத் தெரியும்.

பூச்சு உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. உரம் வீசும் கருவி வழியாக வந்த குருணையில் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் போடுங்கள். நல்லது கெட்டியாகக் கிடக்கும், உடைந்தது வெறும் தோலாகத் தெரியும். தோல் நிறைய இருந்தால் வட்டின் வேகத்தைக் குறைக்க வேண்டும். உரத்தை ஏற்றி இறக்கும் திருகுக் குழாயில் உடைகிறதா என்றும் பாருங்கள்.

சாலில் போடும் உரம் விதைக்கு 5 சென்டிமீட்டர் பக்கத்தில், 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். யூரியா விதையை ஒட்டினால் அம்மோனியா முளையைக் கருக்கும். பொட்டாஷும் சாலில் 50 கிலோவைத் தாண்டக் கூடாது, மீதியைத் தூவிவிடுங்கள். 50 சென்டிமீட்டர் வரிசை இடைவெளியில் ஒரு ஹெக்டேருக்கு 20,000 மீட்டர் சால். மேலே விதைப்புக்குச் சொன்ன 90, 100 இரண்டும் சேர்ந்து 190 கிலோ என்றால் மீட்டருக்கு 9.5 கிராம். ஒவ்வொரு குழாயிலும் பை கட்டி 50 மீட்டர் ஓட்டி நிறுத்துப் பாருங்கள், 475 கிராம் வர வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் உர ரகத்தை மாற்றுவதில் அர்த்தமில்லை.

யூரியாவையும் அம்மோனியம் நைட்ரேட்டையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், காற்றின் ஈரத்தை இழுத்துக் கூழாகிவிடும். அம்மோனியம் சல்பேட் அமில மண்ணில் வாயுவாகப் போகாது, மேலுரத்துக்கும் நல்லது. ஆனால் 50 கிலோ தழைச்சத்துக்கு 238 கிலோ சுமக்க வேண்டும். லாரி வாடகையையும் தடுப்பானின் விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். இளம் இலையில் நடு நரம்பின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை தெரிந்தால் துத்தநாகக் குறை, தழைச்சத்தைக் கூட்டுவதில் பயனில்லை.

உங்கள் மண்ணில் இந்தக் கூடுதல் செலவு தேறுமா என்பதை வயலிலேயே பார்த்துவிடலாம். அறுவடை இயந்திர அகலத்துக்கு மூன்று பட்டை விடுங்கள்: தடுப்பான் யூரியா, அதே தழைச்சத்து அளவில் சாதா யூரியா, மேலுரமே இல்லாதது. தனித்தனியாக நிறுத்து, எடையை (100 − ஈரம்) ஆல் பெருக்கி 86 ஆல் வகுத்தால் 14 சதவீத ஈரத்துக்குக் கணக்கு வந்துவிடும். மேலுரம் இல்லாத பட்டையே மற்ற இரண்டையும் எட்டிப் பிடித்தால், குறை தழைச்சத்தில் இல்லை. விதைத்த தேதி, பயிர் எண்ணிக்கை, வேர் இறங்க விடாத இறுகிய மண் ஆகியவற்றைத் தேடுங்கள்.