சூத்திரம் தெரியும், எதை எங்கே போடுவது? நிகழ்தகவுக் கணக்கில் திணறுபவர்களுக்கு

கேள்வி: பட்டப்படிப்பு முதலாண்டில் எனக்குப் புள்ளியியல் ஒரு தாள். தீர்த்து வைத்த கணக்கைப் படித்தால் நன்றாகப் புரிகிறது. புதிதாக ஒன்று வந்தால் கூட்டுவதா பெருக்குவதா, வரிசை பார்த்து எண்ணும் வரிசைமாற்றமா, வரிசை பார்க்காத சேர்வா என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது. எண்களின் பரவலை அளக்கும் திட்ட விலக்கத்தை ஒரு புத்தகத்தில் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள், இன்னொன்றில் ஒன்று குறைத்து வகுக்கிறார்கள், அதுவும் குழப்பம். எப்படிப் படிப்பது?

பதில்: தீர்த்த கணக்கு புரிவதற்கும் புதுக் கணக்கு வராததற்கும் காரணம் ஒன்றுதான். பாடத் தலைப்பே 'சேர்வுகள்' என்று சொல்லிவிட்டால் அதன் கீழே உள்ள பத்துக் கணக்கிலும் எந்தச் சூத்திரம் என்று நீங்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. அந்த யோசனையை மட்டும் யாரும் உங்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. அதனால் பல பாடங்களிலிருந்து கணக்குகளை எடுத்துக் கலைத்துப் போட்டு, விடை வரை போகாமல் முதல் இரண்டு வரி மட்டும் எழுதிப் பழகுங்கள்: என்னென்ன நடக்கலாம், அதில் எதைக் கேட்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் இப்படி இருபது கணக்கு பார்த்துவிடலாம், நாலு கணக்கை முழுசாகப் போடுவதைவிட இது அதிகம் உதவும் என்பது என் கருத்து.

அந்த முதல் வரியில் கவனிக்க வேண்டியது, நீங்கள் எழுதுகிற விளைவுகள் எல்லாம் சம வாய்ப்பு உள்ளவையா என்பது. இதில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு என்ன? பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர் 1754இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் இதற்கு 2/3 என்று வாதிட்டார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, இல்லாவிட்டால் பூ-தலை அல்லது பூ-பூ, ஆக மூன்று வழி, அதில் இரண்டு சாதகம் என்பது அவர் கணக்கு. மூன்று வழி என்பது சரிதான், மூன்றுக்கும் ஒரே எடை கொடுத்ததுதான் தவறு. முதலிலேயே தலை விழ 1/2, மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு 1/4, எனவே விடை 3/4. இரண்டு பகடை உருட்டினால் கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை பதினொன்று வரும், ஆகவே 7 வர 1/11 என்று எழுதுகிறவர்கள் செய்வதும் இதே தவறுதான். கூறுவெளியில், அதாவது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலில், இருப்பது 36 சோடிகள். 7 ஆறு வழியில் வரும், 2 ஒரே ஒரு வழியில்.

பட்டியல் பெரிதாக இருக்கிறதே, எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். எண்ணைச் சின்னதாக்குங்கள். ஐம்பது பந்து என்றால் நாலு பந்தாக்கி முழுக்க எழுதிப் பாருங்கள், வழி பிடிபட்டதும் பெரிய எண்ணுக்குப் போகலாம்.

சரி, கூட்டுவதா பெருக்குவதா. ஒரே வழியில் அடுத்தடுத்து நடக்க வேண்டியவற்றைப் பெருக்குகிறோம், ஒன்று நடந்தால் மற்றது நடக்காத தனித்தனி வழிகளைக் கூட்டுகிறோம். ஒரு பையில் 5 சிவப்பு, 3 நீலப் பந்துகள். திருப்பிப் போடாமல் இரண்டு எடுக்கிறோம், நிறத்துக்கு ஒன்றாக வர நிகழ்தகவு என்ன? முதலில் சிவப்பு, பிறகு நீலம்: 5/8 × 3/7 = 15/56. பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். முதலில் நீலம், பிறகு சிவப்பு என்ற வழியும் இருக்கிறது, அதுவும் 15/56, இரண்டையும் கூட்டினால் 15/28. இதையே சேர்வில் போட்டால் எட்டில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 28 வழி, ஒரு சிவப்பு ஒரு நீலத்துக்கு 5 × 3 = 15 வழி, மறுபடியும் 15/28. வரிசைமாற்றமா சேர்வா என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. இந்த மாதிரிக் கணக்கில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் மேலே வரிசை பார்த்து எண்ணினால் கீழேயும் வரிசை பார்த்துத்தான் எண்ண வேண்டும். மேலே 15, கீழே 56 என்று கலந்தால்தான் விடை பாதியாகிவிடும்.

'குறைந்தது ஒன்று' என்ற சொல்லைப் பார்த்தால் உடனே எதிர்ப்பக்கம் திரும்புங்கள். ஒரு பகடையை நாலு முறை உருட்டும்போது குறைந்தது ஒரு ஆறு விழ, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு ஆறுகள் என்று தனித்தனியே போடத் தேவையில்லை. ஒன்றுமே விழாமல் இருக்க 625/1296, அதை 1-இலிருந்து கழித்தால் 671/1296, பாதிக்குக் கொஞ்சம் மேல். 1/6-ஐ நாலு முறை கூட்டி 4/6 என்று எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது, அப்படியானால் ஏழு முறை உருட்டினால் 7/6 வருமே, அது என்ன நிகழ்தகவு?

நிபந்தனை நிகழ்தகவுதான் அதிகம் பேர் கவிழ்கிற இடம், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 'என்று தெரிந்தால்', 'இவர்களில்', 'எனில்' போன்ற சொல் வந்தால் கூறுவெளி சுருங்கிவிட்டது என்று பொருள். ஒரு நோய் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 5 சதவீதத்தினருக்கும் தவறாக 'இருக்கிறது' என்று சொல்லும். ஒருவருக்கு 'இருக்கிறது' என்று வந்துவிட்டது, உண்மையிலேயே நோய் இருக்க நிகழ்தகவு என்ன? பேயஸ் தேற்றத்தை (நிபந்தனையைத் திருப்பிப் போட்டு நிகழ்தகவு காணும் சூத்திரம்) தேடி ஓட வேண்டாம், 10,000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளவர்கள் 100, அதில் 90 பேருக்கு 'இருக்கிறது'. இல்லாதவர்கள் 9,900, அதில் 5 சதவீதம் 495. ஆக மொத்தம் 585 பேருக்கு 'இருக்கிறது' என்று வரும், உண்மையான நோயாளிகள் அதில் 90 பேர். 90/585, அதாவது சுமார் 15 சதவீதம். 90 சதவீதம் என்று சட்டென்று சொல்லத் தோன்றுவது, 'நோய் இருந்தால் இப்படி வரும்' என்பதையும் 'இப்படி வந்தால் நோய் இருக்கும்' என்பதையும் ஒன்றாக்கிவிடுவதால். தேர்வில் பேயஸ் தேற்றப்படிதான் எழுத வேண்டும் என்றால் எழுதுங்கள், ஆனால் இந்த ஆள்கணக்கை ஓரத்தில் போட்டு விடையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று: ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் வேறு, சாரா நிகழ்ச்சிகள் (ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாதவை) வேறு. ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே நடக்காது என்றால், அதைவிடப் பெரிய சார்பு என்ன இருக்கிறது?

அப்புறம் திட்ட விலக்கம். 4, 8, 6, 5, 7 என்ற எண்களின் சராசரி 6. விலக்கங்கள் -2, 2, 0, -1, 1, வர்க்கங்களின் கூடுதல் 10. உங்களுக்கு வேண்டியது இந்த ஐந்து எண்களின் பரவல் மட்டும்தான் என்றால் 5-ஆல் வகுத்து 2, வர்க்கமூலம் சுமார் 1.41. இந்த ஐந்தும் ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி, இதை வைத்து அந்தக் கூட்டத்தின் பரவலை மதிப்பிட வேண்டும் என்றால் 4-ஆல் வகுத்து 2.5, வர்க்கமூலம் சுமார் 1.58. ஏன் ஒன்று குறைகிறது? கூட்டத்தின் உண்மைச் சராசரி நமக்குத் தெரியாது, கையில் இருக்கிற ஐந்திலிருந்தே ஒரு சராசரியை எடுத்துக்கொண்டோம். எண்கள் தங்கள் சொந்தச் சராசரிக்கு எப்போதும் அதிகம் நெருக்கமாகத்தான் இருக்கும், அதனால் 5-ஆல் வகுத்தால் பரவல் சராசரியில் குறைவாகவே தெரியும். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் 4. விலக்கங்களைக் கூட்டினால் 0 வந்தே தீரும், நாலு தெரிந்தால் ஐந்தாவது தானாகத் தெரிந்துவிடும் என்றும் இதைப் பார்க்கலாம். கணக்கில் 'மாதிரி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் கால்குலேட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கலாம், எது எது என்று இந்த ஐந்து எண்களைப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

விடை வந்ததும் ஒரு பார்வை பாருங்கள். 5-ஆல் வகுத்து வந்த திட்ட விலக்கம், மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைத் தாண்டாது, இங்கே பாதி 2, நமக்கு வந்தது 1.41, பரவாயில்லை. எல்லா எண்ணோடும் 10 கூட்டினால் சராசரி நகரும், திட்ட விலக்கம் நகராது. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் இரண்டுமே இரட்டிப்பாகும்.

மணி வடிவ வளைவாக வரும் இயல்நிலைப் பரவல் கணக்கை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதில்தான் வந்து நிற்பீர்கள். சராசரி 60, திட்ட விலக்கம் 10, 75-க்கு மேல் எத்தனை பங்கு? 75 என்பது சராசரியிலிருந்து 1.5 திட்ட விலக்கம் தள்ளி. அட்டவணையில் 1.5-க்குச் சில புத்தகங்களில் 0.9332 இருக்கும், சிலவற்றில் 0.4332. இரண்டும் சரி. முதலாவது இடது கோடியிலிருந்து எடுத்த பரப்பு, இரண்டாவது நடுக்கோட்டிலிருந்து. மணி வடிவ வளைவை வரைந்து, கேட்ட பகுதியை நிழலிட்டுவிட்டு அட்டவணையைத் திறங்கள். முதல் வகை என்றால் 1-இலிருந்து கழிக்க வேண்டும், இரண்டாவது என்றால் 0.5-இலிருந்து, எப்படிப் போனாலும் 0.0668 வரும். வளைவின் ஓரத்து வால் மட்டும் நிழலாக இருக்கும்போது விடை பாதிக்கு மேல் வந்தால், கழிக்க மறந்துவிட்டீர்கள்.