கதவுப் பிடியில் கூசும் வானை முகாமிடத்துப் பிளக்கில் மாட்டலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்றவர்கள். முதல்முறையாக, உள்ளேயே உறங்க வசதியுள்ள ஒரு கேம்பர் வானை வாடகைக்கு எடுத்து, ஆவணி மாதம் நிலாவெளியில் கடலோர முகாமிடம் ஒன்றில் மூன்று இரவு தங்கப் போகிறோம். வானைப் பார்க்கத் தரகரின் வீட்டுக்குச் சென்றபோது, ஏசி ஓடுவதைக் காட்டுவதற்காக வீட்டுப் பிளக்கிலிருந்து வயர் கொடுத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப்போன கணவருக்குக் கதவுப் பிடியில் கை வைத்ததும் சுரீர் என்றது. செருப்போடு நின்ற எனக்கு இலேசான கூச்சம் மட்டுமே தெரிந்தது. “எர்த் கொஞ்சம் குறைவு, கடற்கரை மணலுக்குப் போனால் சரியாகிவிடும்” என்கிறார் தரகர். பாதிப் பணம் கொடுத்துவிட்டோம். பயப்பட வேண்டுமா? மின்கேத்தலும் ரைஸ் குக்கரும் கொண்டுபோகலாமா? – வாசகி, வவுனியா

பதில்: பயப்படத்தான் வேண்டும். அதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. அந்த வானை இப்போதுள்ள நிலையில் எந்தப் பிளக்கிலும் மாட்டாதீர்கள், அவ்வளவுதான். தரகர் சொன்னது உண்மைக்கு நேர் எதிரானது. கடற்கரை ஈரமணலில் அதிர்ச்சி குறையாது, கூடும்.

வான் நான்கு இறப்பர் ரயர்களின் மேல் நிற்கிறது. வீட்டிலே குளிர்சாதனப் பெட்டியின் உடலில் மின்சாரம் கசிந்தால் அதை நிலத்துக்குக் கொண்டுபோக எர்த் கம்பி இருக்கிறது. வானுக்கு வரும் வயரில் அந்தக் கம்பி அறுந்திருந்தால், அல்லது ஆரம்பத்திலிருந்தே இல்லாவிட்டால், கசிந்த மின்சாரம் வானின் தகரம் முழுவதும் பரவி, வெளியேற வழியில்லாமல் நிற்கும். ஒரு காலை நிலத்திலும் ஒரு கையைப் பிடியிலும் வைக்கிற முதல் ஆள்தான் அதற்குக் கிடைக்கிற எர்த் கம்பி. உங்கள் கணவர் அன்று அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறார். செருப்போடு நின்ற உங்களுக்குக் குறைவாகவும் வெறுங்காலோடு நின்ற அவருக்குக் கூடுதலாகவும் தெரிந்ததே அதற்குச் சாட்சி.

இப்போது நிலாவெளியை நினைத்துப் பாருங்கள். கடலில் குளித்துவிட்டு வருகிறீர்கள். உடல் முழுவதும் உப்புநீர், கால் ஈரமணலில், துவாய் வானுக்குள்ளே. கை முதலில் போவது கதவுப் பிடிக்கு. காய்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். உப்புநீரில் ஊறிய தோல் அந்தத் தடையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. ஒரு மில்லி அம்பியர் அளவில் நமக்குக் கூச்சம் தெரியும். பத்தைத் தாண்டினால் தசை இறுகி, பிடித்த பிடியை விட முடியாமல் போகலாம். முப்பதுக்கு மேல் சில நொடிகள் ஓடினால் இதயம் தாளம் தப்பும் அபாயம் இருக்கிறது. தரகர் வீட்டு முற்றத்தில் சுரீர் என்றதோடு போன அதே பழுது, கடற்கரையில் உயிரை எடுக்கலாம்.

“ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, அது விழுந்துவிடாதா?” என்று கேட்பீர்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் நல்ல நிலையில் இருந்தால், ஆபத்தான அளவு கசிந்து ஓடத் தொடங்கியதும் கணப்பொழுதில் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். உயிர் தப்ப அதுதான் பெரிய துணை. ஆனால் எர்த் இல்லாத வானில், கசிகிற மின்சாரத்துக்கு ஓர் ஆள் கிடைத்த பிறகுதான் அது விழும். எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. மாரி காலத்தில் ஈரத்தால் ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று சலித்துக்கொண்டு, யாரையாவது கூப்பிட்டு அதைத் தாண்டி வயர் கொடுத்துவிடுவார்கள். பெட்டியில் சுவிட்ச் அழகாக இருக்கும், வேலை செய்யாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பார்ப்பது நல்லதுதான். விழுந்தால் சுவிட்ச் உயிரோடு இருக்கிறது என்று பொருள்; எர்த் இருக்கிறதா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது. எர்த்தே இல்லாத இடத்திலும் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழும். இதைப் பலர் சான்றிதழ் போலக் காட்டி வாடகை வாங்குகிறார்கள்.

தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. உங்களுக்கு வானைக் காட்டியவர் அநேகமாக அதன் உரிமையாளராக இருக்கமாட்டார். வயரிங் யார் செய்தது என்று கேட்டால் உரிமையாளரைக் கைகாட்டுவார், உரிமையாளர் இறக்குமதி செய்தவரைக் கைகாட்டுவார். வாடகை மட்டும் ஒழுங்காகக் கைமாறும். இவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் பொறிகள் மூன்று.

முதலாவது ஜப்பான் வான். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். சுவரிலிருப்பது பெரும்பாலும் இரண்டு தட்டைப் பின் கொண்ட பிளக், அதில் எர்த் பின்னே கிடையாது. அப்படிப்பட்ட உள்வயரிங்கோடு வந்த வானுக்கு, 230 வோல்ட்டைக் குறைக்கும் ஒரு டிரான்ஸ்போமரை ஆசனத்தின் கீழ் வைத்து, “ஜப்பான் ஒரிஜினல்” என்று விற்கிறார்கள், வாடகைக்கும் விடுகிறார்கள். மலிவான டிரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர, வானை வெளி மின்சாரத்திலிருந்து பிரிக்காது. எர்த் இல்லாத குறை அப்படியே இருக்கும். உங்கள் வானுக்குள் தட்டைப் பின் சொக்கெற்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் என் சந்தேகம் இரட்டிப்பாகும்.

இரண்டாவது, இரண்டு கம்பி மட்டும் உள்ள எக்ஸ்டென்ஷன் வயர். மூன்று பின் பிளக்கை மாட்டிவிட்டால் உள்ளே எத்தனை கம்பி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. பிளக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி இறுக்கமாக அதன் இடத்தில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவதைச் சொல்லவே கோபம் வருகிறது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர். வானில் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் வாய் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் சொக்கெற்றுக்குத் தலைகீழாகவே மின்சாரம் ஊட்டிவிடுகிறார்கள். ஒரு முனையைச் சுவரில் மாட்டிவிட்டால் மறுமுனையின் பின்கள் வெளியே நீட்டிக்கொண்டு முழு மின்சாரத்தோடு நிற்கும். அப்படி ஒரு வயரைக் கண்டால் பேரம் பேசாதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.

இதையெல்லாம் பார்க்க ஓர் அதிகாரி இல்லையா என்றால், நடைமுறையில் இல்லை என்றே சொல்ல வேண்டும். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். புகைக்குழாயில் கருவியைச் செருகி அளக்கிறார்கள். அதற்கு இரண்டு முழம் மேலே, நீங்கள் படுத்து உறங்கும் கட்டிலின் கீழ் ஓடும் 230 வோல்ட்டை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. மின்சாரம் வழங்குபவர்களின் கண் மீற்றரோடு நின்றுவிடும். அதற்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பாடு. முகாமிட உரிமையாளரோ தன் குசினியிலிருந்து ஒரு வயரை இழுத்து, தென்னையில் ஒரு சொக்கெற்றை ஆணியடித்து, மழை படாமல் பொலித்தீன் பை கட்டிவிட்டு “மின்வசதி உண்டு” என்று பலகை எழுதுகிறார். அந்த வீட்டு எர்த் கம்பி காய்ந்த மேட்டுமணலில் ஆழமில்லாமல் இறங்கியிருந்தால், கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். காய்ந்த மணல் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. உங்கள் ஆவணிப் பயணம் சரியாக அந்தக் காலத்தில்தான் வருகிறது.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரகர் அடுத்து அதைத்தான் எடுத்துவிடுவார். மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் உலோக மேற்பரப்பை விரல் நுனியால் மெல்லத் தடவினால் சில சமயம் அதிர்வது போல ஒரு கூச்சம் தெரியும். இரண்டு பின் சார்ஜர்களில் இது சாதாரணம். உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு உறுப்பு வழியாக ஒரு மில்லி அம்பியரின் சிறு பங்கு மட்டும் வெளியே வருகிறது. நல்ல தயாரிப்பாக இருந்தால் அது ஆபத்தில்லை, அதற்கு எர்த்தும் தேவையில்லை. வானிலும் ஏசி, பற்றரி சார்ஜர், தொலைக்காட்சி ஆகியவற்றின் இத்தகைய சிறு கசிவுகள் ஒன்றுசேர்ந்து கூச்சத்தைத் தரலாம். ஆகவே “அது வெறும் வடிகட்டிக் கசிவு” என்று தரகர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சிக்கல் எங்கே என்றால், வடிகட்டிக் கசிவா, ஏசியின் உள்ளே மின்சாரம் வரும் உயிர்க்கம்பியின் உறை உரிந்து தகரத்தில் உரசுகிறதா என்பதைக் கையால் தொட்டுப் பிரித்தறிய முடியாது. காய்ந்த முற்றத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் கூசலாம். மேலும், எர்த் ஒழுங்காக இருந்தால் வடிகட்டிக் கசிவுகூட வானின் உடலில் தெரியவே கூடாது. ஆகவே மடிக்கணினிக்கு உள்ள சலுகை மடிக்கணினியோடு முடிந்தது. வானுக்கு அது கிடையாது. செய்தித்தாளில் ‘இலேசான கூச்சம் பரவாயில்லை என்று நிபுணர் சொன்னார்’ என்று இந்தப் பந்தியை மட்டும் வெட்டி யாரும் காட்டிவிடாதீர்கள்.

பாதிப் பணம் கொடுத்துவிட்டீர்கள், ஆகவே செய்ய வேண்டியது இது. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ள ஒரு மின்னிணைப்பாளரை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். தரகர் கூட்டிவரும் ஆள் வேண்டாம். வானின் உலோக உடலுக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் தொடர்பு இருக்கிறதா, வானுக்குள்ளேயே ஒரு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, ஏசியின் உள்ளே கம்பிகளின் காப்புறை நன்றாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவை ஒரு தாளில் எழுதித் தரகரின் கையொப்பத்தை வாங்குங்கள். கையொப்பமிட மறுத்தால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. திருகோணமலைக்கு வந்தபின் ஒரு நியோன் டெஸ்டர், அதாவது மின்சாரம் இருந்தால் உள்ளே சிறு விளக்கு எரியும் சோதனைக் கருவி, கையில் இருக்கட்டும். பிளக் போட்டதும், கையால் தொடுவதற்கு முன், வானின் வண்ணம் பூசாத உலோகத்தில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் உடனே முகாமிடத்துச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எரியாததால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது.

தரகர் பழுதைத் திருத்தாமல் பணத்தையும் தராமல் இழுத்தடித்தால், வெளி மின்சாரமே வாங்காமல் பயணத்தை நடத்தலாம். விளக்கு, மின்விசிறி, தொலைபேசிச் சார்ஜ் எல்லாம் 12 வோல்ட் பற்றரியில் ஓடும். அந்த 12 வோல்ட் உங்கள் தோலைத் தாண்டிச் சேதம் செய்யாது. இரவு முழுவதும் பற்றரியில் ஏசி ஓடும் என்று யாராவது சொன்னால் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பழுதில்லாமல் எடுக்கக்கூடியது பாதி, ஏறக்குறைய 600 வாட்-மணி. 1000 வாட் இழுக்கும் ஏசிக்கு அது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். லிதியம் பற்றரி ஒன்றென்றாலும் ஒரு மணி நேரமளவுதான். அதை ஈடுகட்ட எஞ்சினை ஓடவிட்டோ, ஜெனரேற்றரைப் பக்கத்தில் வைத்தோ உறங்காதீர்கள். அவற்றின் புகையிலுள்ள நச்சுவாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, உறக்கத்தில் இருப்பவர் எழும்பவே மாட்டார்.

கேத்தலும் ரைஸ் குக்கரும் வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும் 13 அம்பியர் சொக்கெற் ஒன்று தாங்குவது ஏறக்குறைய 3000 வாட். கேத்தல் ஒன்றே 2000 வாட் வரை விழுங்கும். ஏசியும் ஓடும்போது காலைத் தேநீருக்குக் கேத்தலைப் போட்டால், தென்னையில் கட்டிய அந்தச் சொக்கெற்தான் முதலில் உருகும். சுருட்டி வைத்த வயரோடு போட்டால் வயரும் உருகும். சிறிய 2.3 கிலோ எரிவாயுச் சிலிண்டரும் ஓர் அடுப்பும் போதும். சமையலை வானுக்கு வெளியே, காற்றுக்கு மறைவாக வைத்துக்கொள்ளுங்கள். சோறு வடிப்பதற்குக் கனமான மூடியுள்ள பானையாகப் பார்த்து எடுத்துப் போங்கள், கச்சானில் மணல் பறந்து உள்ளே விழும்.