பதாகை பிடித்தால் பிஆர் போகுமா?

வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே அச்சத்தைச் சுற்றியவை. ஊர்வலத்துக்குப் போனால், ஒரு பதிவு போட்டால், பொலிசாரோடு வாக்குவாதப்பட்டால் கனடாவில் இருக்கும் உரிமைக்கு, பிஆர் எனும் நிரந்தர வதிவுரிமைக்கு, என்ன ஆகும்? தனித்தனி வழக்குகளுக்கு லோயர்தான் பதில் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொல்லக்கூடியதை இங்கே சொல்கிறோம்.

ஸ்டடி பெர்மிட்டில் படிக்கிறேன். குடிவரவுக் குறைப்பை எதிர்த்து நடக்கும் போராட்டத்துக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். "நீ சிட்டிசன் இல்லை, உனக்கு அந்த உரிமை கிடையாது" என்கிறார் அறைத்தோழர். உண்மையா?
– எம்.ஆர்., பிரம்ப்டன்

அறைத்தோழர் சொல்வது தவறு. 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனம் தன் சொற்களைக் கவனமாகவே தேர்ந்திருக்கிறது. வாக்குரிமை தரும் 3ஆம் பிரிவு 'குடிமக்கள்' என்கிறது. கருத்துச் சுதந்திரமும் அமைதியாகக் கூடும் உரிமையும் உள்ள 2ஆம் பிரிவு 'ஒவ்வொருவரும்' என்கிறது. மாணவர், அகதிக் கோரிக்கையாளர், வேர்க் பெர்மிட்காரர் எல்லாரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவர். 2024 மே மாதம் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் மாகாண நியமன விதிகள் (நிரந்தர வதிவுக்கு மாகாணம் ஆட்களை முன்மொழியும் விதிகள்) மாறியபோது, சார்லட்டவுன் நகரில் உண்ணாவிரதம் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்த தற்காலிகத் தொழிலாளர்கள்.

போவதில் ஆபத்தில்லை. போன இடத்தில் குற்றவியல் வழக்கு ஒன்று விழுவதுதான் ஆபத்து. கனடாவின் குற்றங்களில் பல 'ஹைபிரிட்' வகை. அரசுத் தரப்பு விரும்பினால் சிறுகுற்றமாக, லோயர்கள் பேச்சில் 'சமரி'யாக, நடத்தலாம். விரும்பினால் பெருங்குற்றமாகவும் நடத்தலாம். ஆனால் குற்றத் தீர்ப்புள்ளவரை நாட்டில் இருக்கத் தகுதியற்றவராக்கும் குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஹைபிரிட் குற்றம் எதுவானாலும் பெருங்குற்றமாகவே கணக்கிடுகிறது. நீதிமன்றத்தில் அது சமரியாக முடிந்து சின்ன அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டிருந்தாலும் இதே கணக்குத்தான்.

ஊர்வலங்களில் அதிகம் விழும் வழக்கு 'மிஸ்சீஃப்'. சொத்தைச் சேதப்படுத்துவதும், பிறர் அதைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதில் வரும். ஒரு கட்டட வாசலை மறித்து உட்கார்ந்தாலே போதும். அது ஹைபிரிட். பொலிசாரின் கடமைக்கு இடையூறு செய்வதும் ஹைபிரிட். குடிமகனுக்கு இவை ஓர் அபராதமும் ஒரு பதிவும். தற்காலிக அனுமதியில் இருப்பவருக்கு ஒரே ஒரு தண்டனைத் தீர்ப்பு, நாட்டில் இருக்கத் தகுதியற்றவர் என்று முடிவு செய்யப் போதும். பொது இடத்தில் குழப்பம் விளைவித்தல் என்ற குற்றமோ சமரி மட்டுமே. தனிச் சம்பவமாக அது ஒன்று இருந்தால் 36ஆம் பிரிவில் சிக்காது. வெவ்வேறு சம்பவங்களில் இரண்டு சேர்ந்தால் சிக்கும்.

இங்கே நம் பிள்ளைகள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான். நீதிமன்றத்தின் முதல் தவணைக்குப் போய், "அபராதம்தானே, கட்டிவிட்டு வகுப்புக்குப் போகலாம்" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. அதற்குப் பதில் லோயர் மூலம் கேட்க வேண்டியவை வேறு: வழக்கைத் திரும்பப் பெறுதல், நன்னடத்தை உறுதிமொழியான 'பீஸ் பாண்ட்', அல்லது குற்றம் உறுதியானாலும் தண்டனைத் தீர்ப்பின்றி விடுவிக்கும் 'டிஸ்சார்ஜ்'. டிஸ்சார்ஜ் நிபந்தனையோடு வந்தாலும் சட்டப்படி அது தண்டனைத் தீர்ப்பு ஆகாது. தண்டனை விதிக்கும் நீதிபதி குடிவரவு விளைவையும் பார்க்கலாம் என்று 2013இல் 'ஃபாம்' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் குடிவரவு நிலையை லோயரிடம் முதல் நாளே சொல்லுங்கள். குற்றவியல் லோயருக்கு அது தானாகத் தெரியாது.

இன்னொன்று. பெர்மிட் நீட்டிக்கும் விண்ணப்பத்தில் கைதாகியிருக்கிறீர்களா, குற்றம் சாட்டப்பட்டீர்களா என்று கேட்பார்கள். வழக்கு திரும்பப் பெறப்பட்டிருந்தாலும் 'ஆம்' என்று போட்டு, நீதிமன்ற ஆவணத்தை இணையுங்கள். 'இல்லை' என்று போட்டுப் பிடிபட்டால் பொய்த் தகவல் தந்ததற்கு 5 வருடத் தடை. அது மூல வழக்கைவிடப் பெரிய தலைவலி.

நிரந்தர வதிவாளருக்கும் இதே கதிதானா? குளிருக்கு முகத்தை மூடிக்கொண்டு போவதும் குற்றம் என்கிறார்களே?
– க. சி., ஸ்காபரோ

பிஆர் உள்ளவருக்கு வரம்பு உயரம். ஆறு மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்திருக்க வேண்டும், அல்லது அந்தக் குற்றத்துக்குச் சட்டம் எழுதிவைத்த உச்சத் தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அங்கே உங்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதில்லை, என்ன கிடைத்திருக்கலாம் என்று பார்க்கிறார்கள். 5,000 டொலருக்கு மேற்பட்ட சொத்துக்குச் செய்த மிஸ்சீஃபின் உச்சம் 10 வருடம். கடைக் கண்ணாடி ஒன்று உடைந்தாலே தொகை அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கையில் கிடைத்தது நன்னடத்தைக் காலம் மட்டும் என்றாலும் தீர்ப்பு இருந்தால் 36ஆம் பிரிவு கதவைத் தட்டும். தண்டனை ஆறு மாதத்துக்குக் குறைவானால் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை இருக்கும். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆனால் அந்த வாசலும் அடைபடும்.

முகமூடி விஷயம் 2013இல் வந்த திருத்தம். குளிருக்கோ நோய்க்கோ முகத்தை மூடுவது குற்றமல்ல. தக்க காரணமின்றி அடையாளத்தை மறைக்கும் நோக்கத்தோடு மூடிக்கொண்டு, சட்டவிரோதக் கூட்டத்திலோ கலவரத்திலோ பங்குகொள்வதுதான் குற்றம். வித்தியாசத்தைப் பாருங்கள். சட்டவிரோதக் கூட்டம் வெறும் முகத்தோடு என்றால் சமரி. முகமூடியோடு என்றால் உச்சம் 5 வருடம். கலவரத்தில் முகமூடி என்றால் 10 வருடம், அதாவது நேராக பிஆர் கணக்குக்குள். கூட்டம் சட்டவிரோதமானது என்று பொலிசார் ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகு கழுத்துத்துணியை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

2009இல் நம்மவர்கள் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தபோது எவ்வளவு பேச்சுக் கேட்டோம்! 2022இல் லொறிக்காரர்கள் ஒட்டாவாவை மூன்று கிழமை முடக்கினார்கள். சட்டம் ஆளுக்கொரு மாதிரியா?
– த. இ., மார்க்கம்

கோபம் புரிகிறது. ஆனால் ஒப்பீடு நீங்கள் நினைப்பதைவிடச் சுவாரசியமானது. 2009 மே 10, ஞாயிறு மாலை, முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்கள். கார்டினரில் ஏறியவர்கள் நள்ளிரவு வாக்கில் தாமாகவே இறங்கினார்கள். சில மணி நேரம்தான். லொறிகள் 2022 ஜனவரி 28, 29இல் வந்து சேர்ந்தன. எல்லை கடக்கும் சாரதிகளுக்கு ஜனவரி 15 முதல் வந்த தடுப்பூசி விதிதான் உடனடிக் காரணம். வின்ட்சரை அமெரிக்காவோடு இணைக்கும் அம்பாசடர் பாலம் பெப்ரவரி 7 முதல் மறிக்கப்பட்டது. பெப்ரவரி 14இல் ட்ரூடோ அரசு 1988ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தை முதன்முறையாகப் பிரகடனம் செய்தது. 23இல் விலக்கிக்கொண்டது.

கவனிக்க வேண்டியது, பாலம் 13ஆம் திகதியே திறந்துவிட்டது. சாதாரண நீதிமன்றத் தடையுத்தரவும் சாதாரணப் பொலிசும் போதுமாக இருந்தன. அந்தப் பிரகடனத்தை விசாரித்த ரூலோ ஆணைக்குழு 2023இல் அரசின் முடிவு சட்ட வரம்பை எட்டியது என்றது. ஆனால் 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி மோஸ்லி, பிரகடனம் நியாயமற்றது என்றார். பதாகையோடு அமைதியாக நின்றவரையும் அந்த விதிகள் குற்றவாளி ஆக்கின, வங்கிக் கணக்குகளை முடக்கிய முறை தேடுதலுக்கு எதிரான உரிமையை மீறியது என்பவை அவர் காட்டிய காரணங்கள். அரசு மேல்முறையீடு செய்தது.

நமக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அந்தக் கூட்டங்களில் பங்குகொள்ளும் நோக்கத்தோடு வெளிநாட்டவர் கனடாவுக்குள் நுழைவதையும் அதே விதிகள் தடுத்தன. லொறிக்காரர்களைப் பிடிக்காதவர்கள்கூட மோஸ்லியின் தீர்ப்பை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். அடுத்த முறை அந்த அதிகாரம் யார் மேல் பாயும் என்பதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

சாலை மறிப்பு இன்று எப்படிப் பார்க்கப்படும்? ஒருவரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தோடு நெடுஞ்சாலையை மறிப்பது 'இன்டிமிடேஷன்' குற்றமாகலாம். ஹைபிரிட், உச்சம் 5 வருடம். அல்பேர்ட்டாவில் 2020இல் வந்த முக்கிய உட்கட்டமைப்புச் சட்டம் வேறு, முதல் நாளுக்கே 1,000 முதல் 10,000 டொலர் வரை அபராதம் வைக்கிறது.

பஸ்ஸில் ஒருவர் "உன் நாட்டுக்குப் போ" என்று கத்தினார். இது வெறுப்புக் குற்றம் இல்லையா? பொலிஸ் ஏன் வழக்குப் போடவில்லை?
– பெயர் வேண்டாம், எட்டோபிகோ

அந்த ஒரு வாக்கியம் மட்டும் குற்றமல்ல. கசப்பாக இருந்தாலும் அதுதான் நிலை. குற்றவியல் கோவையின் 319ஆம் பிரிவில் இங்கே பார்க்க வேண்டிய குற்றங்கள் இரண்டு. ஒன்று, பொது இடத்தில் அமைதி குலையும் அளவுக்கு ஓர் இனத்துக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுதல். மற்றது, வேண்டுமென்றே வெறுப்பைப் பரப்புதல். இரண்டுக்கும் உச்சம் 2 வருடம். இரண்டாவதில் தனிப்பட்ட உரையாடல் விலக்கு. சொன்னது உண்மை என்பது போன்ற எதிர்வாதங்களும் உண்டு. அல்பேர்ட்டாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு யூத வெறுப்பைப் பாடமாக நடத்திய ஆசிரியரின் 'கீக்ஸ்ட்ரா' வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை 4–3 என்ற மெல்லிய பெரும்பான்மையில்தான் காப்பாற்றியது. வெறுப்பைப் பரப்பிய வழக்குக்குச் சட்டமா அதிபரின் சம்மதமும் வேண்டும் என்று பழைய பிரிவு சொன்னது. அந்த நிபந்தனையை நீக்கும்படி கேட்டது 2025 செப்டம்பரில் அரசு கொண்டுவந்த சி-9 மசோதா.

"கொன்றுவிடுவேன்" என்றால் மிரட்டல், துப்பினால் தாக்குதல். மத, இன வெறுப்பால் கோயில் சுவரில் கிறுக்கினால் வழிபாட்டிட மிஸ்சீஃப், உச்சம் 10 வருடம். முதலிரண்டுக்கும் இனவெறுப்புக் காரணம் என்று நிரூபித்தால் தண்டனை கூடும். எனவே முறைப்பாட்டில் "இனவாதமாகப் பேசினார்" என்று பொதுவாக எழுதாதீர்கள். சொன்ன சொற்களைச் சொன்னபடியே எழுதுங்கள். வழித்தட எண், பஸ்ஸின் எண், ஏறிய தரிப்பு, நேரம் நான்கும் வேண்டும். அன்றைக்கே கொடுங்கள், கமராப் பதிவு நீண்ட நாள் இருக்காது. வேலையிடத்திலோ வாடகை வீட்டிலோ நடந்தால் ஒன்ராறியோ மனித உரிமை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கெடு ஒரு வருடம்.

குடிவரவைக் குறை என்று சொல்வதே இனவாதம்தானே?
– வி. பா., அஜாக்ஸ்

இல்லை. அது எண்ணிக்கை பற்றிய அரசியல். குடிவரவு அமைச்சர் ஆண்டுதோறும் நவம்பர் 1 வாக்கில் இலக்கை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். 2025க்கு 500,000 நிரந்தர வதிவாளர் என்று இலக்கு வைத்திருந்த அதே லிபரல் அரசு, 2024 ஒக்டோபரில் அதை 395,000 ஆகவும் 2026ஐ 380,000 ஆகவும் குறைத்தது. வாடகையும் மருத்துவமனை வரிசையும் உண்மையான கேள்விகள். "இத்தனை பேர்" என்ற பேச்சு "இன்னார் வேண்டாம்" என்று திரும்பும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

கோயிலுக்கோ பள்ளிக்கோ முன்னால் போராட்டம் செய்ய முடியாதாமே?
– சு., வோன்

நகரத்துக்கு நகரம் வேறு. வோன் 2024 ஜூனில் 100 மீற்றர் விதி கொண்டுவந்தது. ரொறன்ரோவில் 2025 ஜூலை 2 முதல் 50 மீற்றர், ஆனால் நிறுவனம் விண்ணப்பித்திருந்தால் மட்டுமே. மீறினால் அபராதம். நகர விதியும், தனியார் இடத்தில் அத்துமீறல் பற்றிய மாகாணச் சட்டமும் மத்திய அரசின் குற்றவியல் சட்டம் அல்ல. எனவே அந்த டிக்கெட் மட்டும் 36ஆம் பிரிவில் சேராது. விலக மறுத்து இழுபறிப்பட்டு அது பொலிஸ் இடையூறு வழக்காக மாறும்போதுதான் சேரும்.

அகதிக் கோரிக்கை விசாரணையில் இருக்கிறது. நினைவேந்தலில் கொடி பிடித்த படத்தை முகநூலில் போட்டேன். அழித்துவிடவா?
– பெயர் வேண்டாம்

லோயரிடம் காட்டும்வரை எதையும் அழிக்காதீர்கள். பிறர் எடுத்த பிரதி வெளியே வந்தால், அழித்ததே கேள்வியாகும். நினைவுகூர்வது குற்றமல்ல. ஆனால் விடுதலைப் புலிகள் 2006 ஏப்ரல் முதல் கனடாவின் தடைப்பட்டியலில் இருக்கிறார்கள். குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் 'உறுப்பினர்' என்ற சொல்லை மிக அகலமாகவே பொருள்கொள்கிறார்கள். அதற்குக் குற்றத் தீர்ப்புத் தேவையில்லை, நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். படம் எங்கே, எந்த நாளில், யார் நடத்திய நிகழ்வில் எடுத்தது என்று எழுதி லோயரிடம் கொடுங்கள்.

ஊர்வலத்தில் பொலிஸ் பெயர் கேட்டால் சொல்ல வேண்டுமா? ஃபோனைக் கேட்டால்?
– ஜெ. நி., மொன்றியல்

முதலில், "நான் போகலாமா?" என்று கேளுங்கள். போகலாம் என்றால் நடையைக் கட்டுங்கள். தடுத்து வைத்தால் காரணம் சொல்ல வேண்டியதும், லோயரோடு பேச விட வேண்டியதும் அவர்கள் கடமை. டிக்கெட் எழுதும்போதும் கைதின்போதும் பெயர், முகவரி சரியாகக் கொடுங்கள். அதற்கு மேல் கதை வேண்டாம். எதிர்த்தரப்பு உங்களைத் தாக்கக்கூடும் என்பதற்காகச் சட்டப்படி நிற்கும் உங்களைக் கைது செய்ய பொலிசுக்குப் பொதுச்சட்ட அதிகாரம் இல்லை. ஒன்ராறியோவின் கலிடோனியாவில் கனடியக் கொடியோடு நடந்தவரைக் கைதுசெய்த 'ஃபிளெமிங்' வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. ஆனாலும் அந்த இடத்தில் தீர்ப்பை எடுத்துக்காட்டி மல்லுக்கட்டாதீர்கள். கையை உதறினால் புதுக் குற்றம் ஒன்று சேரும்.

கைதோடு தொடர்புடைய குறுகிய தேடலுக்கு ஃபோனைப் பார்க்க 2014இன் 'ஃபியரன்' தீர்ப்பு இடம் தருகிறது. முழுவதையும் துருவ அல்ல. கடவுக்குறியீடு கேட்டால், "லோயரோடு பேசிய பிறகு" என்று சொல்லி நிறுத்துங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன் முகத்தாலும் விரலாலும் திறக்கும் வசதியை அணைத்து, ஆறு இலக்கக் குறியீடு வையுங்கள். லோயரின் எண்ணை ஃபோனில் மட்டும் வைக்காமல் முழங்கையில் பேனாவாலும் எழுதுங்கள். ஃபோன்தான் முதலில் கைமாறும்.