பெண் டென்னிஸ் வீராங்கனைகளின் அழகைப் பற்றிப் பேசுவதும் பாராட்டுதானே, அதில் என்ன தவறு?

தவறு என்னவென்று சொல்ல 2013 விம்பிள்டன் ஒன்றே போதும். அந்த வருஷம் பிரான்சின் மரியோன் பார்ட்டொலி ஒரு செட் கூட இழக்காமல் பட்டம் வென்றார். இறுதி ஆட்டத்தில் சபீனா லிசிக்கியை 6-1, 6-4 என்று தோற்கடித்தார். இரு பக்கமும் இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து அடிப்பவர் அவர். அப்படிப் பிடித்தால் எட்டும் தூரம் குறையும். அதனால் பின்னால் நின்று காத்திருக்காமல், பந்து எழும்பும்போதே முன்னால் வந்து அடிக்கப் பழகினார். அவருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்த அப்பா ஒரு மருத்துவர், மகளுக்காகத் தன் தொழிலையே விட்டவர். பேசுவதற்கு எவ்வளவு இருக்கிறது பாருங்கள்! ஆனால் பிபிசி வானொலியில் ஜான் இன்வர்டேல் என்ற வர்ணனையாளர் பேசியது வேறு. 'நீ அழகியாக வரப்போவதில்லை, டென்னிஸ் வீராங்கனை ஷரபோவா மாதிரி ஆகமாட்டாய், அதனால் போராடித்தான் ஜெயிக்கணும்' என்கிற மாதிரி அப்பா சின்ன வயதிலேயே சொல்லியிருப்பாரோ என்றார். பிறகு பிபிசி மன்னிப்புக் கேட்டது.

அழகுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால் விம்பிள்டன் சாம்பியனைக் கூட ஃபெயில் ஆக்கிவிடலாம். நீங்கள் சொல்கிற பாராட்டின் மறுபக்கம் இதுதான்.

பாராட்டு கிடைப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2015 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஆட்டத்தை ஜெயித்த கனடா வீராங்கனை யூஜினி புஷார்டிடம், உடையைக் காட்ட ஒரு சுற்று சுற்றுங்கள் என்று மைதானத்திலேயே கேட்டார்கள். சானியா மிர்சா இரட்டையர் ஆட்டத்தில் உலகின் முதல் இடத்தில் இருந்தபோது, எப்போது குடும்பம் குழந்தை என்று செட்டில் ஆகப் போகிறீர்கள் என்று 2016இல் ஒரு பேட்டியில் கேள்வி. முதலிடத்தில் இருப்பது செட்டில் ஆனதாகத் தெரியவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். பேட்டி எடுத்தவர் அங்கேயே மன்னிப்புக் கேட்டார், அது நல்ல விஷயம்.

பெண்களுக்கு எதற்குச் சமமான பரிசு என்று பரிசுப் பணத்தையும் இழுப்பார்கள்: ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்றுதானே என்று. ஐந்து செட் ஆட்டம் என்பது பெரும்பாலும் விம்பிள்டன் போன்ற நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் மட்டும்தான். மற்ற போட்டிகளில் ஆண்களும் மூன்று செட்தான். யுஎஸ் ஓப்பன் 1973லேயே சமமான பரிசு கொடுத்தது, விம்பிள்டன் 2007இல்தான் கொடுத்தது. செட் கணக்கு பேசுகிறவர்கள் அந்த மற்ற போட்டிகளைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாலையில் பிள்ளைகளுக்குப் பூப்பந்து (பேட்மிண்டன்) பயிற்சியும் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அதிகம் வலிப்பது நம் ஆட்களின் பேச்சுதான். 2021 சுதிர்மான் கோப்பைப் பூப்பந்துப் போட்டியில் நம் மலேசிய வீராங்கனை கிசோனா செல்வதுரை தோற்றபோது, ஓர் அரசியல்வாதி அவரை இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசி, எந்த எஸ்டேட்டிலிருந்து பிடித்து வந்தார்கள் என்று எழுதினார். 2019 சீ விளையாட்டில் (தென்கிழக்காசியப் போட்டியில்) தங்கம் வாங்கிய பெண்ணை! ஊரே கொதித்தது. ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடையில்) அண்ணன்மார்கள் ரொட்டி சானாயைத் தொடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த குடும்பங்கள் நாம், அந்த வார்த்தை எங்கே குத்தும் என்று நமக்குத் தெரியும். ஆட்டத்தை விட்டுவிட்டுத் தோலையும் பிறந்த இடத்தையும் பேசியதுதான் அன்று நமக்கு ஆத்திரம். அதே கடையில், அதே அண்ணன்மார்கள், அஸ்ட்ரோ டிவியில் பெண்கள் டென்னிஸ் ஓடும்போது கால், பாவாடை, கத்தும் சத்தம் என்று பேசுகிறார்கள். இங்கேயும் ஆட்டத்தை விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள், இல்லையா?

இதைப் பக்கத்து மேசையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனதும் நன்றாக ஆடுகிற பெண்பிள்ளைகள் பயிற்சிக்கு வருவதை நிறுத்துகிறார்கள். 'குட்டைக் கால்சட்டை போட்டு ஆடினால் நாலு பேர் பேசுவார்கள் டீச்சர்' என்று அப்பாமார்கள் சொல்லுகிறார்கள். நீளமான கால்சட்டை போட்டு ஆடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த நாலு பேரிடம் போய்ப் பேசுங்கள், பிள்ளையை நிறுத்தாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். சில அப்பாக்கள் இப்போது தாங்களே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, பயிற்சி முடியும்வரை உட்கார்ந்து பார்க்கிறார்கள்.