தம்பி மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவதைச் சபையில் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்று வேண்டாம். தம்பி சரி என்ற பிறகு, முதலில் போதகரிடம் மட்டும். சபை மூப்பர் சொன்னார் என்று உபவாசத்துக்காகத் தம்பி மாத்திரையை நிறுத்தியதுதான் தப்பு.

நிறுத்தியதும் தலைசுற்றல், படபடப்பு, தூக்கமின்மை என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென விட்டால் பலருக்கு வருவதுதான். அதற்கு ‘ஆவியின் போராட்டம்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள், எங்கள் வீட்டிலும் வைத்தார்கள். எப்படித் திரும்பத் தொடங்குவது என்று இன்றே மருத்துவரைக் கேளுங்கள்.

சபை தாங்குமா என்று பார்க்க ஒரு வழி. சேலத்தில் எங்கள் ஜெபக்கூட்டத்தில் விண்ணப்ப நோட்டு ஒன்று சுற்றிவரும்: சுகர், மூட்டுவலி, மகனுக்கு விசா. அதில் பெயர் போடாமல் ‘மனம் சரியில்லை, தூக்கம் இல்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்தைக் கண்டுபிடித்து இரண்டு அக்காக்கள் செருப்பு மாட்டும் இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவர்களும் மாத்திரை சாப்பிடுகிறார்களாம்!

போதகர் வசனம் கேட்டால் 1 இராஜாக்கள் 19. சூரைச்செடியின் கீழ் சாவு கேட்ட எலியாவுக்குத் தூதன் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான், பிரசங்கம் இல்லை.

ஒன்று கவனம்: மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மாத்திரையும் இருந்தால் தண்ணீர் குடிக்காத உபவாசம் ஆபத்து, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். அப்புறம், சாகும் பேச்சு வந்தால் தம்பியைத் தனியே விடாதீர்கள். அப்போது ரகசியமும் பார்க்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நீங்கள் இருக்கும் ஏற்காட்டிலிருந்து இறங்கினால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.