பவல் ஏரி: முதலில் நீர்மட்டத்தைக் கேளுங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரிலிருந்து வடக்கே நாலரை மணி நேரம் காரோட்டினால் பேஜ் என்ற சிற்றூர் வரும். அதன் ஓரத்தில் கொலராடோ ஆற்றை மறித்து நிற்கிறது 710 அடி உயரமான கிளென் கேன்யன் அணை. நிரம்பியிருக்கும்போது அரிசோனாவில் தொடங்கி பக்கத்து மாநிலமான யூட்டாவுக்குள் 300 கிலோமீட்டர் வரை நீளும் பவல் ஏரி அந்த அணையின் பிள்ளை. 2011 முதல் ஆண்டுதோறும் போய்வருகிறேன். கோடை விடுமுறையை ஒட்டி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, படத்தில் ஓர் அழகான மணல்கரை பார்த்தேன். ஜூலையில் போனால் அங்கே கூடாரம் போடலாமா?

அந்தப் படம் எந்த மாதம், எந்த ஆண்டு எடுத்தது என்று பாருங்கள். 1963-இல் நீர் தேக்கத் தொடங்கி, ஏரி நிரம்ப 1980 ஆயிற்று. நிறைமட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 3,700 அடி. 2023 பிப்ரவரியில் அதைவிட 180 அடி கீழே கிடந்தது. அதே ஆண்டு ராக்கி மலைப் பனி உருகி வந்ததில், ஜூலைக்குள் 60 அடிக்கு மேல் ஏறிவிட்டது. பிப்ரவரியில் எடுத்த படத்தில் இருந்த கரை, ஜூலையில் மீன்களுக்குச் சொந்தம்.

செம்பாறைச் சுவர்களில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். நீரில் கரைந்திருந்த தாது படிந்த தடம் அது; பட்டையின் மேல்விளிம்புதான் பழைய நீர்மட்டம். ஆகவே படகை இழுத்துக்கொண்டு கிளம்பும் முன் அன்றைய மட்டம் என்ன, படகை நீரில் இறக்கும் எந்தச் சாய்தளம் தண்ணீரைத் தொடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாய்தளம் முடியும் இடத்தில் ஏரி இல்லாமல் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி, பேரப்பிள்ளைகளோடு படகு வீடு வாடகைக்கு எடுக்கிறோம். பயப்பட ஏதாவது உண்டா?

இரண்டு உண்டு, அம்மா. முதலாவது ஜெனரேட்டர் புகை. பிள்ளைகள் படகின் பின்புறப் பலகையிலிருந்து குதித்து விளையாடுவார்கள். கார்பன் மோனாக்சைடு தேங்குவதும் அங்கேதான். நிறமில்லை, மணமில்லை. 2000-ஆம் ஆண்டு இந்த ஏரியிலேயே சகோதரர்களான இரண்டு சிறுவர்கள் அப்படி இறந்தார்கள். எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது பின்பக்கம் யாரும் நீரில் இறங்கக் கூடாது. ஏ.சி.க்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் இதை மறப்பது மிக எளிது. பன்னிரண்டு வயது வரை உள்ளவர்கள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே வேண்டாம்.

இரண்டாவது, காற்று. படகு வீடு பெரிய பெட்டி. காற்றுக்கு அது பாய்மரம்தான். முன்பகுதியை மணலில் ஏற்றிவிட்டு, பக்கத்துக்கு இரண்டாக நங்கூரங்களைக் கரையில் புதைக்க வேண்டும். எங்கள் முதல் பயணத்தில் முழங்கால் ஆழம் தோண்டிவிட்டுப் போதும் என்று நினைத்தோம். இரவு இரண்டு மணிக்குக் காற்று எழுந்தது. ஒரு நங்கூரம் ஏர் உழுவதுபோல் மணலைக் கீறிக்கொண்டே தண்ணீரை நோக்கிப் போனது. டார்ச் வெளிச்சத்தில் நான்கு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றோம். இப்போது இடுப்பளவு தோண்டி, மேலே மணலை மிதித்து இறுக்குகிறேன்.

ஆன்டிலோப் பள்ளத்தாக்கை வழிகாட்டி இல்லாமல் பார்க்க முடியுமா?

ஒளிக்கற்றை இறங்கும் அந்தக் குறுகிய பாறைப் பிளவு நவஹோ பழங்குடி மக்களின் நிலம். வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. ஏரி நீர் புகுந்திருக்கும் அதன் கீழ்ப்பகுதிக்குக் கயாக்கில் நீங்களாகவே போகலாம். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் காற்றும் மோட்டார் படகுகளின் அலையும் சேர்ந்து படுத்தும்.

வழிகாட்டி என்பது வெறும் கட்டண வசூல் என்று நினைக்காதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று 'லோயர் ஆன்டிலோப்' எனப்படும் பிளவில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் போனார்கள். மழை பெய்தது பல மைல்களுக்கு அப்பால். ஜூலை முதல் செப்டம்பர் வரை, தொலைவில் இடி கேட்டாலே எந்தப் பிளவுக்குள்ளும் நுழைய வேண்டாம்.

பாறையிலிருந்து குதிக்கலாமா?

15 அடியோ அதற்கு மேலோ தடை. சென்ற ஆண்டு ஆழமாக இருந்த இடத்தில் இந்த ஆண்டு பாறை காத்திருக்கலாம்.

மீன்பிடிக்கு என்ன இரை?

நெத்திலி! வெட்டிய நெத்திலித் துண்டுக்கு வரியோடிய பாஸ் மீன் பைத்தியமாக வரும். 1970களில் கொண்டுவந்து விட்ட இந்த மீன், தன் இரை முழுவதையும் தானே தின்று தீர்த்துவிடும் அளவுக்குப் பெருகியது. அதனால் எத்தனை பிடித்தாலும் வரம்பில்லை. இரு மாநிலங்களில் ஒன்றின் உரிமம் போதும். பிடித்ததும் செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து ஐஸில் போடுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் எந்த மசாலாவாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

ரெயின்போ பாறைப் பாலத்துக்குச் சிறு படகில் போய் வரலாமா?

பேஜுக்கு அருகிலுள்ள வாவீப் படகுத்துறையிலிருந்து ஒருவழியே ஏறத்தாழ 50 மைல். நடுவழியில் டாங்லிங் ரோப் என்ற இடத்தில் எரிபொருள் கிடைக்கும் எனப் பழைய வரைபடங்கள் சொல்லும். நீர் இறங்கியபின் அது மூடப்பட்டது. டாங்கில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மீதியைத் தொடாதீர்கள். இறங்கியபின் எவ்வளவு நடை என்பதையும் நீர்மட்டமே முடிவு செய்கிறது. 290 அடி உயரமான அந்த இயற்கைப் பாறை வளைவு நவஹோ உள்ளிட்ட பல பழங்குடிகளுக்குப் புனிதம். கோயில் வாசலில் நிற்பதுபோல் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அடியில் நடந்து போக வேண்டாம்.

என் செல்பேசி நேரம் ஏன் மாறிமாறிக் காட்டுகிறது?

கோடையில் யூட்டாவும் நவஹோ நிலமும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைக்கின்றன, அரிசோனா வைப்பதில்லை. எந்தக் கோபுரம் கிடைக்கிறதோ அந்த நேரம். பேஜில் அரிசோனா நேரம்தான் கணக்கு. ஒருமுறை செல்பேசியை நம்பி ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் வெயிலில் நின்றோம்.

சொந்தப் படகு இருக்கிறது. வேறென்ன?

திரும்பும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் வடித்து, உலரவிட வேண்டும். குவாகா மட்டிகள் என்ற, வெளியிலிருந்து வந்து பரவிய சிறு சிப்பிகள் ஏரி முழுக்க இருக்கின்றன. வேறு ஏரிக்குக் கொண்டுபோனால் குற்றம். கரையில் தங்கினால் எடுத்துச்செல்லும் கழிப்பறை கட்டாயம்.

ஏரியே வற்றிவிடும் என்கிறார்களே, இனிப் போவதில் பயன் உண்டா?

நீர் இறங்க இறங்க, மூழ்கிய பள்ளத்தாக்குகள் திரும்பி வருகின்றன. ஏரியின் எஸ்கலான்டே என்ற கிளையில் 'பாலைவனப் பேராலயம்' என்ற பாறைக்கூடம், அதன் அருவியோடு மறுபடி வெளியே வந்தது. படகுக்காரர்களுக்கு இழப்பு, நடப்பவர்களுக்கு வரவு. நான் இரண்டு பக்கமும் இருக்கிறேன். 2012-இல் நாங்கள் படகு கட்டிய பாறை இடுக்கு ஒன்று உண்டு. பத்தாண்டு கழித்து அதே இடத்துக்கு, புதிதாய் முளைத்த வில்லோ புதர்களை விலக்கிக்கொண்டு ஓடையில் நடந்து போனேன். நாங்கள் கயிறு கட்டிய இடுக்கு, நூறடி உயரத்தில், வெள்ளைப் பட்டைக்கு நடுவே தெரிந்தது.